பழைய ஓர்கனை விற்க வேண்டாம்: எங்கள் நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குருவானவர் அவர்களுக்கும், எங்கள் தேவாலய நிர்வாக சபையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் இரண்டு முடிவு எடுத்திருக்கிறீர்கள் என்று அறிந்தேன். வாசல் பக்க மூலையில் நிற்கிற கால்மிதி ஓர்கனை, விடுதி ஒன்றின் வரவேற்பறையில் அலங்காரமாக வைக்கக் கேட்ட ஒருவருக்கு விற்பது ஒன்று. மூன்றாம் ஞாயிறு பின்னேரம் பொடியன்கள் பாடும் மாலை ஆராதனையை, வருகிறவர்கள் குறைவு என்பதால் நிறுத்துவது மற்றது. நேரில் வந்து கதைத்திருப்பேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மற்றச் சேர்ச்சுகளிலும் இதே கதைதான் நடக்கிறது என்று கேள்விப்படுவதால், எல்லோரும் வாசிக்கட்டும் என்று இப்படி எழுதுகிறேன். உங்களில் யாரோடும் எனக்குக் கோபம் இல்லை. கூரை ஒழுகுகிறது, காசு வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த இரண்டு முடிவையும் நீங்கள் திரும்ப எடுக்க வேண்டும்.

ஓர்கன் என்றதும் சுவர் முழுக்கக் குழாய் நிற்கிற பெரிய ஓர்கன்தான் பலருக்கு ஞாபகம் வரும். எங்களுடையது ஒரு அலுமாரி அளவு மரப்பெட்டி. உள்ளே குழாய் கிடையாது, நாக்கு என்று சொல்லுகிற மெல்லிய பித்தளைத் தகடுகள்தான். இரண்டு மிதிபலகைகளையும் காலால் மாறி மாறி மிதித்தால், உள்ளே இருக்கிற துருத்தி காற்றை உறிஞ்சி வெளியே விடும். கட்டையை அழுத்தினால் சின்னக் கதவு ஒன்று திறக்கும். வெளிக்காற்று நாக்கைத் தாண்டி உள்ளே பாயும். நாக்கு துடிக்கும், சுரம் பிறக்கும். கையால் துருத்தி அடிக்கிற ஆர்மோனியத்தில் காற்றை நாக்கு வழியாக வெளியே தள்ளுகிறோம். இதில் உள்ளே இழுக்கிறோம். அதனால் இதன் குரல் கொஞ்சம் மெத்தென்று, பொடியன்களின் குரலுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி இருக்கும். முழங்காலால் தள்ளுகிற நெம்பு ஒன்றும் உண்டு. அதைத் தள்ளினால் சத்தம் மெல்ல மெல்ல எழும்பும். கை இரண்டும் கட்டையில், கால் இரண்டும் மிதியில், முழங்கால் நெம்பில். வாசிக்கிறவரின் முழு உடம்பும் அதற்குள் இருக்கும்.

நான் இந்தக் குவாயரில், அதாவது சேர்ச்சின் பாடகர் குழுவில், சேர்ந்தது 1991இல், ஒன்பது வயதில். அதற்கு முந்தின வருடமே யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. பற்றரி கொண்டுவரத் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. சேர்ச்சில் இருந்த மின்சாரக் கீபோர்டின் மேல் துணி போட்டு மூடியாகிவிட்டது. மூலையில் தூசி பிடித்துக் கிடந்த கால்மிதி ஓர்கனைத்தான் எங்கள் குவாயர் மாஸ்ரர் துடைத்து எடுத்தார். அதற்கு வேண்டியது இரண்டு கால் மட்டும்.

மாலை ஆராதனையை வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க நாலரைக்குத் தொடங்குவோம். மழைக்காலத்தில் அதற்குள்ளேயே இருட்டிவிடும். அப்போது ஓர்கனின் மேல் ஜாம் போத்தல் விளக்கு ஒன்று வைப்பார்கள். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைய எண்ணெய், மூடியில் ஒரு திரி. அந்த ஒரு விளக்குக்குள் பன்னிரண்டு பொடியன்களின் தலையும் குனிந்திருக்கும். எங்களிடம் அச்சடித்த இசைப் புத்தகம் இல்லை. மாஸ்ரர் பழைய கொப்பிகளின் பின்பக்கத்தில் சொல்பா எழுதித் தருவார். டோ, ரே, மீ ஒரு வரியில், அதற்குக் கீழே தமிழ்ச் சொற்கள். இரண்டு பேருக்கு ஒரு கொப்பி.

பாடத் தொடங்கும் முன் மாஸ்ரர் மிதியை இரண்டு தரம் அழுத்துவார். துருத்தி நிறைகிற சத்தம் கேட்கும், ஒரு பெரிய மிருகம் மூச்சு எடுக்கிற மாதிரி. அந்த மூச்சோடுதான் நாங்களும் மூச்சு எடுக்க வேண்டும். "அது எடுக்கேக்க எடு, அது விடேக்க பாடு" என்பார். இதைவிடப் பெரிய பாட்டுப் பாடம் எனக்குப் பிறகு யாரும் சொல்லித் தரவில்லை. கீபோர்டில் பெருவிரல் அளவு பொத்தானை அழுத்தினால் தாளம் ஓடத் தொடங்கிவிடும், யார் மூச்சு எடுத்தார்கள் என்று அது பார்க்காது. ஓர்கன் பார்க்கும். கிழவிகள் வரி முடிவில் இழுத்தால் அதுவும் கூட நின்று இழுக்கும். சின்னப் பொடியனுக்கு மேல் சுரம் எட்டவில்லை என்றால் மாஸ்ரரின் முழங்கால் கொஞ்சம் அசையும், அவனைத் தூக்கிவிடும்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, நாங்கள் இருந்த வலிகாமம் பகுதி முழுதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. ஓர்கனை யார் தூக்குவது? பாட்டுக் கொப்பிகளை மட்டும் மாஸ்ரர் அரிசிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். சாவகச்சேரிப் பக்கத்தில் மாமரத்துக்குக் கீழே நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாடினோம், ஓர்கன் இல்லாமல். அங்கேதான் எனக்குக் குரல் உடைந்தது. ஒரு நாள் காலையில் எழும்பினால் மேல் சுரம் இல்லை. பதின்மூன்று வயது. அழுதது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருடம் நடுவில் திரும்பி வந்தோம். ஓர்கன் இருந்தது. பின்பலகையைக் காணவில்லை. இரண்டு கட்டைகளை யாரோ பிடுங்கியிருந்தார்கள். உள்ளே குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. துருத்தித் துணியை எலி கடித்திருந்தது. பாட முடியாத நான் அந்த நாலைந்து மாதமும் மாஸ்ரரோடு அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தேன். நாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து, பழைய ரூத் பிரஷால் துடைத்து, சட்டை மடிப்பில் இருந்து ஒரு நூல்கூட அதில் ஒட்டாமல் பார்த்துத் திரும்பச் செருகினோம். சுருதி இறங்கிப்போன நாக்கின் நுனியைக் கொஞ்சம் சுரண்டினால் சுரம் ஏறும், அடிப்பக்கத்தைச் சுரண்டினால் இறங்கும். அதை அவர் எனக்குக் கையைப் பிடித்துக் காட்டினார். துருத்திக்கு ரெயின்கோட் துணி. ஓட்டைகளுக்கு சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி, சொலூசன் பூசி ஒட்டினோம். காணாமல் போன கட்டைகளுக்குத் தச்சுவேலை செய்கிற அண்ணை ஒருவர் வேப்ப மரத்தில் இரண்டு செய்து தந்தார். இன்றைக்கும் அந்த இரண்டு கட்டையும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். போய்ப் பாருங்கள், நடுவில் இருந்து இடப்பக்கம் நாலாவதும் ஏழாவதும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் தீர்மானத்தில் "பழுதடைந்த, திருத்த முடியாத" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழுதுதான். ஆனால் திருத்த முடியாதது இல்லை. நாங்கள் யுத்தத்துக்கு நடுவில் ரியூப் துண்டை வைத்துத் திருத்தினோம். இந்த வகை ஓர்கன்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் துணி, தோல், கம்பளி, பசை. பித்தளை நாக்கு நூறு வருடம் கடந்தும் பாடும். அமெரிக்காவில் வெர்மான்ட்டில் எஸ்டே என்ற ஒரே கொம்பனி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து உலகம் முழுக்க அனுப்பியது. அவற்றைத் திருத்தி வாசிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எங்கள் சேர்ச் இதுவரை மூன்று கீபோர்ட் வாங்கியிருக்கிறது. முதலாவது மின்சாரம் கூடிக் குறைந்ததில் எரிந்தது, இரண்டாவதற்குள் எறும்பு போனது. மூன்றாவதில் இப்போதே இரண்டு கட்டை பேசுவதில்லை.

அப்புறம் மாலை ஆராதனை. இதை எங்கள் ஊர் முதியவர்கள் சிலர் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற பழைய பழக்கம் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னாராம். வயது என்று பார்த்தால் பழையதுதான். 1549இல் இங்கிலாந்தில் முதல் பொது ஜெபப் புத்தகம் வந்தபோது, துறவிகள் பொழுது சாயும்போது பாடியதையும் படுக்கப் போகும் முன் பாடியதையும் ஒன்றாகச் சேர்த்துச் சாதாரண மக்களுக்கு ஒரே ஆராதனையாக ஆக்கினார்கள். மரியாளின் பாட்டு முந்தினதில் இருந்து வந்தது, சிமியோனின் பாட்டு பிந்தினதில் இருந்து வந்தது. ஒன்று பிள்ளையைச் சுமக்கிற இளம்பெண் பாடுவது, மற்றது சாகப் போகிற கிழவன் பாடுவது. இரண்டையும் பத்து வயதுப் பொடியன் ஒரே பின்னேரத்தில் பாடுகிறான். பிபிசி 1926 முதல் இந்த ஆராதனையை வானொலியில் கொண்டுவருகிறது. 1441இல் அரசன் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் ஆலயத்துக்குப் பதினாறு சிறுவர் பாடகர்கள் என்று விதி எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் பதினாறுதான். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தின் தோமா ஆலயச் சிறுவர் குழு 1212இல் தொடங்கியது. இசையமைப்பாளர் பாக் 1723இல் அங்கே போய், சாகும்வரை 27 வருடம் பொடியன்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய காலத்து ஓர்கனுக்கும் மின்சாரம் இல்லை. பின்னுக்கு நின்று ஆட்கள் துருத்தி மிதித்தார்கள்.

அவ்வளவு பெரிய இடங்களோடு எங்களை ஒப்பிடவில்லை. அங்கே தினமும் பயிற்சி, தனிப் பள்ளிக்கூடம், சம்பளம் வாங்கும் ஓர்கன் வித்துவான்கள். எங்களுக்கு மாதத்தில் ஒரு நாள். ஆனால் அடிப்படை ஒன்றே: பிள்ளையின் குரல் மூன்று நாலு வருடம் மட்டும் நிற்கும், அதற்குள் அதைப் பெரிய வேலைக்குக் கொடுப்பது. பன்னிரண்டு பதின்மூன்றில் அது போய்விடும். பிறகு கேட்டால் கிடைக்காது.

பெண்பிள்ளைகள்? இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு நான் வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டும். எண்ணூறு வருடமாக இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்திருந்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் சால்ஸ்பரி பேராலயம் 1991இல் பெண்பிள்ளைகளுக்குத் தனிக் குழு தொடங்கியது. ஆராதனைகளை இரண்டு குழுவும் பங்கு போட்டுப் பாடுகின்றன. எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு மாலை வேண்டும், முதலாம் ஞாயிறு அவர்களுக்கு இருக்கட்டும். ஆனால் பொடியன்களின் குழுவைக் கலைத்து எல்லோரையும் ஒரே கும்பலாகச் சேர்ப்பதை நான் விரும்பவில்லை. எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து வயதானதும் பொடியன்கள் பாட்டைப் பெட்டைகளின் வேலை என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் மட்டையோடு போய்விடுவார்கள். பிறகு பெரியவர்களின் குவாயரில் ரெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், பாட ஆள் இருக்காது. இப்போது ரெனர் பாடுகிற ஐந்து பேரில் நாலு பேர் அந்த ஜாம் போத்தல் விளக்குக்குக் கீழே நின்றவர்கள். எண்ணிப் பாருங்கள்.

தமிழுக்கு இது ஒத்துவராது என்றும் ஒரு கருத்து உண்டு. பாமாலைகளைப் பொறுத்தவரை எனக்கும் அந்தக் குறை இருக்கிறது. வெளிநாட்டு மெட்டுக்கு மொழிபெயர்த்த வரிகளில் குறில் வருகிற இடத்தில் மெட்டு நீளும், நெடில் வருகிற இடத்தில் சுருங்கும். பாடும்போது சொல் வேறு சொல்லாகிவிடும். ஆனால் மாலை ஆராதனையின் முக்கியமான பகுதி வேதாகமத்தின் சங்கீதப் புத்தகம். அதைப் பாடுகிற முறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, பேசுகிற வேகத்திலேயே எத்தனை சொல்லும் சொல்லலாம். வரி முடியும் இடத்தில் மட்டும் மூன்று நாலு சுரம் அசையும். அவ்வளவுதான். 23ஆம் சங்கீதத்தின் முதல் வரியில் "மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஒரு சொல் வரும். பாமாலை மெட்டில் அதை அடக்க முடியுமா? ஏழாக வெட்ட வேண்டும். சங்கீதம் பாடும் முறையில் அது முழுதாக, ஆச்சி வாசிக்கிற மாதிரியே, ஒரு சுரத்தில் வந்து உட்காரும். நீளமான வினைமுற்றுகள் நிறைந்த எங்கள் வேதாகமத் தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு முறை எனக்குத் தெரியாது. மாஸ்ரர் எங்களை முதலில் வசனத்தை வாசிக்கச் சொல்வார். நல்ல தமிழில், ழகரம் தெளிவாக. வாசிப்புச் சரியாக வந்த பிறகுதான் சுரம். நான் தமிழ் வாசிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தைவிட அந்த வாங்கில்தான்.

வெள்ளைக்காரன் விட்டுப்போனதை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று இளைஞர் சங்கத்துத் தம்பி ஒருவர் கேட்டாராம். நல்ல கேள்வி தம்பி. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கே வந்தார்கள், இருநூறு வருடம் தாண்டிவிட்டது. அவர்கள் கொண்டுவந்ததில் எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆர்மோனியத்தைப் பாருங்கள். அது 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பிறந்தது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தடை செய்தே வைத்திருந்தது. ஆனால் எங்கள் ஊரில் நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டம் இசைநாடகம் போட்டால் ஆர்மோனியம் இல்லாத மேடை உண்டா? விடியவிடியச் சனம் இருந்து பார்த்ததே, அதை யாரும் பிறத்தியாரின் வாத்தியம் என்று சொன்னதில்லை. கால்மிதி ஓர்கன் அதன் கூடப் பிறந்தது. சுருதிப்பெட்டிக்குள் இருப்பதும் இதே பித்தளை நாக்குத்தான். தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை எடுத்து, ஓர்கனில் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு பொடியன்களைப் பாடவிட்டால் எப்படி இருக்கும் என்று நான் செய்து பார்த்திருக்கிறேன். சங்கீதத்துக்குப் பிறகு அப்படி ஒரு கீர்த்தனை வந்தால் மாலை ஆராதனை இன்னும் எங்களுடையதாகும். தம்பி, உங்களுக்கு மிருதங்கம் தெரியும் என்று கேள்விப்பட்டேன். வாருங்கள்.

காலை ஆராதனையில் கிற்றாரும் டிரம்சும் இருக்கட்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாகப் பாடுகிறார்கள், நானும் கை தட்டுகிறேன். நான் கேட்பது மாதத்தில் ஒரு பின்னேரம், ஐம்பது நிமிடம், ஒலிபெருக்கி இல்லாமல். எங்கள் சேர்ச்சின் சுவர் இரண்டு முழம் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர். கூரை உயரம். அதைக் கட்டியவர்கள் மைக் வரும் என்று நினைத்துக் கட்டவில்லை. பன்னிரண்டு பொடியன்கள் பாடினால் அந்தச் சுவர் திருப்பிப் பாடும். ஒலிபெருக்கி போட்டால் அது வெறும் இரைச்சலாகிவிடும்.

வருகிறவர்கள் குறைவு என்றீர்கள். உண்மை, போன முறை பத்தொன்பது பேர். ஆனால் பாடுகிற பொடியன்கள் ஏன் ஐந்து பேராகக் குறைந்தார்கள்? பயிற்சி நேரத்தில் ரியூசன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், பிறகு ஓ லெவல். சனிக்கிழமை காலை, பின்னேரம், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு. தாய் தகப்பனைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குப் பயம். பயிற்சியைச் சனிக்கிழமை ஐந்தரைக்கு மாற்றினால் நாலு பொடியன்களாவது திரும்ப வருவார்கள், நான் வீடுவீடாகப் போய்க் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். வரவு குறைவு என்று ஆராதனையை நிறுத்தும் முன், வருவதற்கு வழி செய்தோமா என்று சபை ஒரு தரம் யோசிக்க வேண்டும். ஓர்கன் வாசிக்கிற அக்கா இரண்டு வருடமாகப் போக்குவரத்துச் செலவைத் தன் கைக்காசில் போட்டு வருகிறார். அதையாவது சபை கொடுக்க வேண்டும். குரல் உடைந்த பொடியன்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தாள் புரட்டட்டும், மெழுகுதிரி ஏற்றட்டும், ஓர்கனுக்குள் தூசி துடைக்கட்டும். இரண்டு வருடத்தில் ரெனராகவோ பேஸாகவோ திரும்ப வருவார்கள். என்னை அப்படித்தான் மாஸ்ரர் வைத்திருந்தார்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் இன்று கற்குவியல். அதை யுத்தம் கொண்டுபோனது, நாங்கள் தடுத்திருக்க முடியாது. எங்கள் ஓர்கன் ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் எலிக்கும் தப்பி வந்திருக்கிறது. அதை நாங்களே லொறியில் ஏற்றி, யாரோ தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் பூச்சாடி வைக்கிற மேசையாக்க அனுப்புவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். வாங்க வந்தவர் சொன்ன விலையையும், கூரை வேலைக்கு வேண்டிய தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விற்றாலும் கூரையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. துருத்தித் துணி, கம்பளி, பசை ஆகியவற்றுக்கு ஆகும் செலவை நான் ஏற்கிறேன். வேலையை நானும் பழைய குவாயர்ப் பொடியன்கள் மூன்று பேரும் செய்வோம். ஒருவர் கனடாவில் இருந்து தை மாதம் வருகிறார், அவருக்கும் நாக்குத் துடைக்கத் தெரியும். விற்பனையை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அது பாடவில்லை என்றால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் குருவானவரிடம் திறப்பு வாங்கி, ஓர்கனின் பின்பலகையைக் கழற்றி வைத்திருப்பேன். நிர்வாக சபையில் எல்லோரும் ஒரு தரம் வந்து உள்ளே பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். இடப்பக்கத் துருத்தியில் நான் 1996இல் ஒட்டிய ரியூப் துண்டு இன்னும் இருக்கிறது. ஐந்தரைக்கு ஐந்து பொடியன்களும் பயிற்சிக்கு வருவார்கள், 23ஆம் சங்கீதம் பாடப் போகிறோம். மிதிப்பதற்கு ஒருவர் தேவைப்படும், துருத்தி ஒழுகுவதால் இப்போது இரண்டு மடங்கு கெதியாக மிதிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
1991 முதல் 1995 வரை இந்தச் சேர்ச்சின் பொடியன்கள் குவாயரில் பாடிய ஒருவன்